மாலை கழற்றிய மறுநாள்



தைப்பூசத்துக்கு மாலை போட்டு 48 நாள் எதையும் தொடாம இருக்கிற பசங்க நம்ம ஹாஸ்டல்லயே இருப்பாங்க. "பாத்தியா, அவனால நிறுத்த முடியுது. அப்போ அவன் அடிமை இல்ல"ன்னு நாமளே தீர்ப்பு சொல்லிடுவோம். சர்வரை ஆஃப் பண்ணி வெச்சுட்டு பக் சரியாயிடுச்சுன்னு எங்க ஆபீஸ்ல யாராவது சொன்னா சிரிப்பாங்க. இதுவும் அப்படித்தான்.

விரதத்தை நான் குறை சொல்லல. அதோட ரெண்டு முனையிலயும் உடம்புக்கு என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

தினமும் அதிகமா குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாளுக்குள்ள கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பே வரலாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு இல்லாத உருவம் தெரியுது, குரல் கேக்குதுன்னு பிதற்றவும் செய்யலாம். உயிருக்கே ஆபத்தான நிலை இது. "சாமி சோதிக்கிறார், தாங்கிக்கோ"ன்னு போர்வை போத்தி படுக்க வைக்காதீங்க. முதல்ல டாக்டரைப் பார்த்து, மருந்தோட நிறுத்திட்டு மாலை போட்டா விரதத்துக்கு ஒரு குறையும் வராது.

இன்னொரு முனைதான் யாரும் பேசாதது. போதைக்காக வலி மாத்திரை எடுக்கிற பழக்கம் இப்போ கல்லூரிப் பக்கம் வந்திருக்கு. டபென்டடால் மாதிரி மாத்திரைகள் அபின் வகையைச் சேர்ந்தவை. சில வாரம் எடுக்காம இருந்தா உடம்பு தாங்குற அளவு இறங்கிடும். ஆனா கைக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். மாலை கழற்றிய மறுநாளோ, சிகிச்சை முடிஞ்சு ரூமுக்குத் திரும்பின முதல் வாரமோ, அந்தப் பழைய அளவையே எடுத்தா மூச்சு நின்னு போகலாம். கூட மதுவும் சேர்ந்தா இன்னும் மோசம்.

எழுப்பினா எழலை, மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு, வித்தியாசமா குறட்டை, உதடு நீலமா இருக்குன்னா "தூங்கட்டும் விடு"ன்னு விட்டுடாதீங்க. 108க்குக் கூப்பிடுங்க. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, தனியா விடாதீங்க. என்ன எடுத்தான்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. இந்த வகைக்கு நலாக்ஸோன்னு மாற்று மருந்து இருக்கு.

திரும்பி வந்தவனை ரூம்மேட் எப்படி நடத்தணும்? தினமும் ராத்திரி "இன்னைக்கு எடுத்தியா?"ன்னு விசாரணை வேண்டாம். சாப்பிடக் கூட்டிட்டுப் போங்க. பிறந்தநாள் ட்ரீட், செமஸ்டர் முடியற நாள், ஊர்லேர்ந்து பணம் வர்ற நாள்: இந்த மூணு நாளும் கூடவே இருங்க. பழைய நம்பர்களை அவனே டெலீட் பண்ணினா நல்லது, நீங்க போனைப் பிடுங்கினா சண்டைதான் மிஞ்சும். ஒரு தடவை சறுக்கினா "எல்லாம் போச்சு"ன்னு சொல்லாம, அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்ல வையுங்க. இந்த நோய்ல சறுக்கல் சகஜம்.

போலீஸ் பயத்துலயே பலர் சிகிச்சைக்குப் போறதில்ல. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு. போதைப்பொருள் உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வெச்சிருந்ததுக்காகவோ வழக்கு வந்த அடிமை, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரிச்ச இடத்திலோ சிகிச்சை எடுத்தா, அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனா சிகிச்சையை முழுசா முடிக்கணும், பாதியில விட்டா அந்தப் பாதுகாப்பு போயிடலாம்.

கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்லயே பேசலாம். அவன் கூப்பிடத் தயங்கினா, என்ன பண்றதுன்னு கேட்டு முதல்ல நீங்களே கூப்பிடலாம்.