500 லிட்டரில் ஒரு வாரம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கிலாந்தில் படகிலேயே குடியிருக்கும் ஒரு கணவன் மனைவியைப் பற்றிப் போன விடுமுறையில் சொன்னேன் அல்லவா? “அவர்களுக்குத் தினமும் சுற்றுலாதானா அத்தை?” என்று கேட்டிருக்கிறாய். இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அவர்களோடு நான் கழித்த ஒரு முழு நாளைச் சொன்னால் உனக்கே விளங்கும்.

முதலில் படகைப் பற்றி. கேரளத்துக் காயலில் நாம் பார்த்த படகுவீடு போன்றதில்லை இது. பெயரே நேரோபோட், அதாவது ஒல்லிப்படகு. அகலம் 2.1 மீட்டருக்குள்தான் இருக்கும். நீளம் மட்டும் 22 மீட்டர் வரை போகலாம். நம் வீட்டு நடையைத் தனியாக வெட்டி எடுத்துத் தண்ணீரில் விட்டதாக நினைத்துக்கொள். அதற்குள் சமையல் மேடை, இரும்பு அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒருவர் நடந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் அங்கே நிலக்கரி ஏற்றிச் செல்லக் கால்வாய்கள் வெட்டியபோது, செலவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தப் பல கால்வாய்களில், படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளான லாக்குகளைக் குறுகலாகக் கட்டினார்கள். அந்த அளவுக்குப் படகும் ஒல்லியானது. இன்றைக்கும் அதே அளவுதான்.

நாங்கள் ரக்பியில் குடியிருந்த காலத்தில்தான் அவர்களைத் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் நேப்டன் என்ற ஊருக்குக் கீழே படகைக் கட்டியிருந்தார்கள். ஏப்ரல் மாதம். காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கரைப் புல்லெல்லாம் உறைபனி.

அந்த அம்மாள் அடுப்பின் முன் மண்டியிட்டுச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். இரவு முழுக்க அணையாமல் கனன்ற அடுப்பு. சாம்பலை எடுத்து, இரண்டு கரண்டி புகையில்லா நிலக்கரி போட்டு, காற்று வழியைக் கொஞ்சம் திறந்துவிட்டார். தீயை ஒரேயடியாக அணையவிட்டால் படகின் இரும்புச் சுவர் குளிர்ந்து, மறுபடி சூடேறப் பாதி நாள் ஆகிவிடுமாம். பிறகு துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகத் துடைத்தார். இருவர் இரவெல்லாம் விட்ட மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படிந்திருந்தது. துடைக்காமல் விட்டால் மரச்சட்டம் உளுத்துப்போகும்.

கணவர் பின்பக்கம் இன்ஜின் பலகையைத் தூக்கிவிட்டுக் குனிந்திருந்தார். எண்ணெய் அளவு பார்த்தார். அடுத்து ஒரு பித்தளைத் திருகை ஒரு சுற்றுச் சுற்றினார். படகைத் தள்ளும் சுழலியைத் திருப்பும் தண்டு படகின் பின்பகுதியைத் துளைத்துத் தண்ணீருக்குள் போகிறது. அந்தத் துளை வழியே கால்வாய் உள்ளே வராமல் தடுப்பது கிரீஸ்தான். தினமும் ஒரு சுற்று. கடைசியாக இன்ஜின் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு மூடியைத் திறந்து, பனி போன்ற தண்ணீருக்குள் முழங்கை வரை கையைவிட்டுச் சுழலியைத் தடவினார். பிளாஸ்டிக் பையும் கம்பியும் கையோடு வந்தன. சாவியை ஏன் பையில் போட்டார் என்று நீயே யோசித்துக்கொள்வாய்.

எட்டு மணிக்குத்தான் இன்ஜினைக் கிளப்பினார்கள். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை மற்றவர்கள் பக்கத்தில் கட்டியிருக்கும்போது இன்ஜின் ஓட்டக் கூடாது. மின்சாரத்துக்கு அவர்களுக்கு உள்ளவை கூரைமேல் கிடக்கும் சூரியத் தகடுகளும் தரைக்கடியில் இருக்கும் பேட்டரிகளும்தான். கோடையில் தகடே போதும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, அதிலும் பாதி மேகம். அப்போது இன்ஜின்தான் கதி. விளக்கைப் போடும்போதெல்லாம் அந்த அம்மாள் சுவரில் பேட்டரி அளவைக் காட்டும் ஒரு சின்ன முள்ளைப் பார்த்ததைக் கவனித்தேன்.

இனித் தண்ணீர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முன்பக்கப் பலகைக்கு அடியில் அவர்களுக்கு 500 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். கால்வாய்க் கரையில் சில மைல்களுக்கு ஒரு குழாய் இருக்கும். அதில் ரப்பர் குழாயை மாட்டி நிரப்பிக்கொள்ள வேண்டும். நேப்டனில் நிரப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தத் தொட்டி இருவருக்கும் ஒரு வாரம் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 36 லிட்டருக்கும் குறைவு என்று கணக்குப் போட்டுப் பார். உடம்பை நனைத்ததும் குழாயை மூடுகிறார்கள், சோப்புப் போட்ட பிறகு திறக்கிறார்கள். காய் கழுவிய நீரில் பாத்திரத்தை ஊறவைக்கிறார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற நம் தெருப் பெண்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை.

நமக்குப் புதிது மற்றொரு பாதி. உள்ளே வந்தது வெளியே போவதையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்கு அடியில் சூட்கேஸ் போல இழுத்து எடுக்கக்கூடிய ஒரு பெட்டி. சுமார் 20 லிட்டர் கொள்ளும். இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு போய், கரையில் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவிக்கொண்டு வர வேண்டும். கால்வாயில் கொட்டுவது குற்றம். அந்த மனிதர் படித்தவர், பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முகம் சுளிக்காமல் அந்தப் பெட்டியைச் சுமந்து போனார். நம் ஊரில் இந்த வேலையைக் காலங்காலமாக யார் தலையில் கட்டினோம் என்று எனக்கு அப்போது நினைவு வந்தது. உனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு லாக் ஏறத் தொடங்கினோம். நேப்டனில் வரிசையாக ஒன்பது. லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த ஆழமான கல்தொட்டி. கீழிருந்து வரும் படகு அதற்குள் நுழைந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல் முனையில் உள்ள மதகைத் திறந்தால், மேல் கால்வாய்த் தண்ணீர் உள்ளே இறங்கும். தொட்டி நிறைய நிறையப் படகு உயரும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. இரண்டு பக்கமும் நீர் சமமாகும்வரை பத்துப் பேர் தள்ளினாலும் கதவு அசையாது. சமமான பின், கதவோடு சேர்ந்த நீண்ட மரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றித் தள்ளினால் ஒருவரே திறந்துவிடலாம்.

பல படகுகளில் ஆண் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மனைவி ஓடி ஓடிக் கதவு தள்ளுவார். இவர்கள் அப்படியில்லை. அந்த அம்மாள் சுக்கானில், அவர் கரையில். அதுதான் அறிவான ஏற்பாடு என்பது என் எண்ணம். கதவுக்கு உடல் எடை வேண்டும், 2.1 மீட்டர் சந்துக்குள் படகை உரசாமல் நுழைப்பதற்கோ கண்ணும் பொறுமையும்தான் வேண்டும். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது, கைச்சைகைதான். லாக்கில் குரலை உயர்த்துவதில்லை என்று தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது லாக்கில் மதகு திறக்கும் இரும்புக் கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். நான் ஆசையில் வேகமாகச் சுற்றிவிட்டேன். தண்ணீர் சீறிப் பாய்ந்து, படகு முன்னே இழுக்கப்பட்டுக் கதவில் மோதியது. உள்ளே கெட்டில் விழுந்த சத்தம். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தரையை நோக்கி மெல்ல அசைத்துக் காட்டினார். அதிலிருந்து பாதி திறந்து, காத்திருந்து, மீதி திறந்தேன். நீரின் பலம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உனக்கு ஒரு கணக்கு. லாக்கின் நீளம் 22 மீட்டர், அகலம் 2.1 மீட்டர், நீர் உயர்வது 2 மீட்டர் என்று வைத்துக்கொள். பெருக்கினால் 92 கன மீட்டருக்கு மேல் வரும், அதாவது 92,000 லிட்டருக்கு மேல். ஒரு படகு ஒரு முறை ஏற இவ்வளவு தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது. அந்த இருவருக்கு அது மூன்றரை ஆண்டுக்கு வரும்! அந்தத் தண்ணீர் முக்கியமாகக் கால்வாயின் உச்சிப் பகுதிக்கென்று கட்டிய ஏரிகளிலிருந்து வருவது. மழை பொய்த்த கோடைகளில் லாக்குகளை மூடிவிடுகிறார்கள்.

ஆறாவது லாக்கில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொட்டி நிறைந்திருந்தது. காலி செய்தால் உடனே நுழையலாம். அவர் செய்யவில்லை. மேலே தூரத்தில் ஒரு படகு இறங்கி வந்துகொண்டிருந்தது. அது நிறைந்த தொட்டிக்குள் நுழைந்து இறங்கட்டும், பிறகு காலித் தொட்டியில் நாம் ஏறலாம் என்று பத்து நிமிடம் காத்திருந்தார். ஒரு தொட்டித் தண்ணீர் மிச்சம். கீழே இறங்கி வந்தவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது.

ஒன்பதும் ஏறி முடிக்கப் பிற்பகலாயிற்று. அதற்கு மேல் சுமார் 18 கிலோமீட்டருக்கு லாக்கே இல்லை. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் குன்றுகளைக் குடைவதைக் கூடியவரை தவிர்த்து, மேட்டின் வளைவோடு வளைந்து ஒரே மட்டத்தில் கால்வாய் போகத் திட்டமிட்டார். நேராகப் போனால் இதில் ஏறக்குறைய பாதி தூரம்தான். கால்வாயில் வேகத்துக்கு வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் இழுக்கும் தண்ணீர் அந்தப் படகுகளைக் கட்டிய முளைகளைப் பிடுங்கிவிடும்.

இதே வழியில்தான் 1939இல் எல்.டி.சி. ரோல்ட் என்ற இளம் பொறியாளரும் அவர் மனைவி ஏஞ்சலாவும் ‘க்ரெஸ்ஸி’ என்ற படகில் பான்பரியிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். புதிதாக மணமானவர்கள். ரயிலும் லாரியும் வந்தபின் கால்வாய்கள் தூர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பயணத்தை ரோல்ட் ‘நேரோ போட்’ என்ற நூலாக எழுதி, 1944இல் வெளியிட்டார். அதைப் படித்துத் தேடி வந்த ராபர்ட் ஐக்மன் என்பவரோடு சேர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தொடங்கினார்கள். அன்று அவர்கள் போராடியிருக்காவிட்டால், நான் ஏறிய படகுக்கு மிதக்க இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

என்னை ஏற்றிச் சென்ற இருவருக்கும் நிலையான முகவரி கிடையாது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்தக் கட்டுதுறை இல்லாதவர்கள் பொதுவாக 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் இருக்கக் கூடாது. கடிதங்கள் மகள் வீட்டுக்குப் போகும். மருத்துவரிடம் பதிவு செய்வதற்கே அலைந்திருக்கிறார்கள். படகுக்கு உரிமம், காப்பீடு, நான்கு ஆண்டுக்கொரு பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பகுதிக்குத் தார் பூச வேண்டும். படகு வாழ்க்கை மலிவானது என்று உன்னிடம் யாராவது சொன்னால் நம்பாதே.

மாலையில் ஒரு வளைவில் ஒதுக்கி, இரும்பு முளைகளை அடித்துக் கயிறு கட்டினார்கள். வயல்வெளி, ஆட்டுக்குட்டிகள், வேறு யாருமில்லை. இரவுக்கு முன் அவர் சுவரிலிருந்த சிறு கருவியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். நிலக்கரி அடுப்பிலிருந்து கசியக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமே கிடையாது. அந்தக் கருவி கூவினால்தான் உயிர். கூவியது. அந்த அம்மாள் தொட்டியின் அளவைப் பார்த்துவிட்டு வந்து, “நீங்கள் ஒருவர் கூடுதலாக இருந்தும் இன்று அதிகம் போகவில்லை” என்றார். அதைவிட நல்ல உபசார வார்த்தை எனக்கு அந்த நாட்டில் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டு மாடித் தொட்டி எத்தனை லிட்டர்? ஒரு முறை நிரப்பினால் உங்கள் நால்வருக்கும் எத்தனை நாள் வருகிறது? அப்பாவிடம் கேட்காதே. நீயே மாடி ஏறிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை