தற்புகழ்ச்சியும் வணிகர் அறமும்

பிறரை இகழ்தல், தன்னைப் புகழ்தல், பிறர்பால் உள்ள நற்குணத்தை மறைத்தல், தன்பால் இல்லாத குணத்தை வெளிப்படுத்தல் ஆகியன நீச கோத்திர வினை வந்து சேரக் காரணங்கள் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் 6-ஆம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் வகுத்துள்ளார். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் தம் பெயரை நிலைநாட்டித் தொழில் நடத்தும் இல்லறத்தார் இதனை எங்ஙனம் கைக்கொள்வது?

வாய் திறவாதிருத்தலே அறமெனின் வாணிபம் நடவாது. பொருளின் குணத்தை உள்ளவாறு உரைத்தல் தற்புகழ்ச்சியன்று. இல்லாததை ஏற்றிக் கூறுதலே குற்றம்.

வில்லியனூர்ச் சுடுமண் கலை புவிசார் குறியீடு பெற்றது. அக்கலைஞர் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. இப்பெருமை கைவினையால் விளைந்தது. வேற்றூர் அச்சுப் பொம்மையை வில்லியனூர்ப் பொம்மையெனப் படமெடுத்து விற்பின், அது பிரதிரூபக வியவகாரம். கள்ளாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று. பாகூர் நெல் வணிகர் புதிய அரிசியைப் பழைய அரிசியென விளம்பரம் செய்தலும், பாராட்டுரைகளை விலைக்கு வாங்கி இடுதலும் வாய்மைக்கு மாறானவை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்தைத் தண்டிக்கின்றது. சட்டத்திற்குத் தப்பினும் வினைக்குத் தப்புதல் இல்லை.

பிறரைப் புகழ்தலும், தன் குறையை நோக்குதலும், பணிவும் உயர் கோத்திரத்திற்கு ஏதுவாம் என்பது அடுத்த சூத்திரம். ஆதலின் ஒவ்வொரு பதிவிலும் மூன்றனை ஆராய்வோம்: பொருளை ஆக்கியவர் பெயரைச் சொன்னோமா? குறையை மறைத்தோமா? அண்டைக் கடையை இகழ்ந்தோமா? இவ்வாறு ஆராய்ந்து ஈட்டும் பெயரே நிலைக்கும்.