விளையாட்டுக் கம்பியூட்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியைப் பார்க்காதீர்கள், நம்பரைப் பாருங்கள்



முன்பெல்லாம் நமது காரியாலயத்துக்கு வரும் தாய்மார் பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, ஈ.பி.எஃப். படிவம் என்றுதான் கேட்டு வருவார்கள். இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது. "ஐயா, பையன் கேமிங் கம்பியூட்டர் கேட்டு ஒத்தக்கால்ல நிக்கிறான். வாங்கிக் குடுக்கலாமா? எவ்வளவு வரும்?" தொடக்கத்தில் நாம் "படிப்புக்கு வாங்குங்க, விளையாட்டுக்கு வேண்டாம்" என்று சொல்லி அனுப்பி விடுவோம். அது பதிலே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாம் வேண்டாம் என்று சொன்னாலும் அவர்கள் வாங்கத்தான் செய்தார்கள். ஒன்றும் தெரியாமல் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

நமது சொந்தக் குடும்பத்திலேயே இது நடந்தது.

நமது அக்கா கல்யாணம் கட்டிப் போன இடம் திருகோணமலைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள குச்சவெளி. சென்ற சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கே போயிருந்தோம். அக்காவின் இளைய மகன் உயர்தரம் படிக்கிறான். கால்பந்து என்றால் உயிர். கடற்கரையில் விளையாடுவது போதாது என்று கம்பியூட்டரிலும் விளையாட ஆசை. நமது அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தன் ஈ.பி.எஃப். காசிலிருந்து பேரனுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா கொடுத்திருந்தார். 2024-இல் தீர்மானித்த 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 89 முழுப் பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்து, மலையேறி இறங்கிப் போட்ட 89 பேர்.

அந்தக் காசில் வந்த பெட்டி பார்க்க மிக அழகாக இருந்தது. முன்பக்கம் கண்ணாடி, உள்ளே மூன்று காற்றாடி, சிவப்பு நீலம் பச்சை என்று மாறி மாறி எரியும் வெளிச்சம். "கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கேமிங் கார்ட்" என்று கடையில் ஒட்டிய காகிதமும் அப்படியே இருந்தது. ஆனால் அவன் ஆசைப்பட்ட கால்பந்து விளையாட்டு ஓடவில்லை. 2024-இல் வந்த ஈ.ஏ. எஃப்.சி. 25 அது.

"மாமா, ஐ7 எண்டுதானே சொன்னவங்க. ஐ7 தானே பெரிசு? அம்மம்மாட காசு வீணாப் போச்சா?" என்று கேட்டான். நமக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்குப் போய், பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் காட்டினோம். அவர் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி நமக்குச் சொன்னதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறோம்.

முதலில் அந்த ஐ7. ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே வருடத்தில் வந்தவற்றுக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிப்பது மட்டுமே. எந்த வருடத்துச் சாமான் என்பது அதற்குப் பின்னால் வரும் நம்பரில் இருக்கிறது. மருமகனின் பெட்டியில் இருந்தது ஐ7-2600. கோட்டுக்கு அடுத்து வரும் 2 என்பதுதான் தலைமுறை. அதாவது இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ3-12100 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் பன்னிரண்டாம் தலைமுறை என்று வாசிக்க வேண்டும். 2022-இல் வந்த அந்தச் சின்ன ஐ3-க்கும் பழைய ஐ7-2600-க்கும் நான்கு நான்கு கோர்தான். ஆனால் ஒரு கோரின் வேகத்தை எடுத்தால் சின்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேயிலைப் பெட்டியில் கிரேட் எழுத்தைப் பார்க்காமல், மேலே இருக்கும் படத்தைப் பார்த்து யாராவது விலை சொல்வார்களா? இதுவும் அதே கதைதான்.

இன்னொரு விடயம். புதிய விளையாட்டுகள் சிலவற்றுக்கு ஏவிஎக்ஸ்2 என்ற வசதி பிராசசரில் இருக்க வேண்டும். இன்டெல்லில் அது 2013-இல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. அது இல்லாத பிராசசரில் அந்த விளையாட்டுகள் மெதுவாக ஓடுவது ஒருபுறமிருக்க, திறக்கவே மாட்டாது.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள் என்று நாம் சொல்வதற்குக் காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசொப்ட் கொம்பனி கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்தன. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை தேவை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் தேவை. பழைய மெஷினிலும் ஏதோ வழியில் அதை ஏற்றிக் கொடுக்கிறார்கள். ஆனால் வாலரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11-இல் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்ட். விளையாட்டுக்கு இதுதான் உயிர். இதில்தான் ஏமாற்றும் அதிகம். "4 ஜிபி கார்ட்" என்றால் பிள்ளைகள் மயங்கி விடுகிறார்கள். 4 ஜிபி என்பது அதிலுள்ள நினைவகத்தின் அளவு மட்டுமே. சாக்கு எவ்வளவு பெரியது என்பது வேறு, அதைத் தூக்குகிறவனின் பலம் வேறு. மருமகனின் பெட்டியில் இருந்தது ஜிடி 730, அதுவும் வேகம் குறைந்த டிடிஆர்3 நினைவகம் போட்டது. அந்தக் கால்பந்துக்குக் குறைந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வேண்டும் என்று விளையாட்டை வெளியிட்டவர்களே எழுதியிருந்தார்கள். ஜிடி 710, ஜிடி 730 எல்லாம் படம் காட்டுவதற்கான கார்ட். ஜிடி என்ற இரண்டு எழுத்துக்கும் ஜிடிஎக்ஸ் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் கூடக் கவனிக்காமல் விட்டு விடுகிறார்கள்.

1050 டிஐ நல்ல கார்ட்தான், ஆனால் அது 2016-இல் வந்தது. புது விளையாட்டுகளுக்கான டிரைவர் திருத்தம் அந்த வரிசைக்கு 2025 ஒக்டோபரோடு நின்று விட்டது. ஆகவே கொஞ்சம் கூடப் போட்டு, 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ஐத் தேடுவது நல்லது. பழைய கார்டுக்குப் பெயரை மாற்றி 1050 டிஐ என்று விற்பதும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே போட்டுப் பார்த்தால், அப்படிப்பட்ட போலிகள் பெரும்பாலும் பிடிபட்டுப் போகும்.

கடைசியில் நமது தம்பி பவர் சப்ளையைக் காட்டினார். பெயரே இல்லாத பெட்டி, கையில் தூக்கினால் காற்றுப் போல லேசு. "அண்ணே, லைட்டுக்குப் போட்ட காச இதுக்குப் போட்டிருக்கலாம்" என்றார். லயத்தில் மின்சாரம் ஏறி இறங்குவது நமக்குத் தெரிந்ததே. மட்டமான பவர் சப்ளை போகும்போது தான் மட்டும் போகாது, மற்றதையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

சரி, கையில் ஒரு இலட்சம், ஒன்றேகால் இலட்சம்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. கம்பியூட்டர் சாமான் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 சதவீதமானது. போதாததற்கு 2025 கடைசியில் உலகம் முழுவதும் ரேம் விலை ஏறியது. ஆகவே பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். திரை, கீபோர்ட், யூபிஎஸ் எல்லாம் அந்தக் காசுக்குள்தான் அடங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நமக்குத் தெரிந்த வரையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வெளிநாட்டுக் காரியாலயங்களில் பாவித்துக் கழித்து இங்கே வரும் மெஷின்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் என்ற பெயர்களில் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கமும் மற்ற டவுன்களிலும் கிடைக்கின்றன. பார்க்க அழகில்லை, கறுப்புப் பெட்டி. ஆனால் உள்ளே வேலை சுத்தமாக இருக்கும். எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட ஒன்றை எடுத்து, அதில் 1650 கார்டைப் பூட்டினால் நம் பிள்ளைகள் விளையாடும் பெரும்பாலானவை ஓடும். இங்கே இரண்டு பொறி இருக்கிறது. ஒல்லியான சின்னப் பெட்டி எடுத்தால் சாதாரண கார்ட் உள்ளே போகாது, குள்ளக் கார்ட்தான் போகும். ஆகவே டவர் எனும் பெரிய பெட்டியையே கேளுங்கள். மற்றது, இவற்றின் பவர் சப்ளை அந்தந்தக் கொம்பனியின் தனி அளவு. மாற்றுவது கஷ்டம், சக்தியும் குறைவு. ஆகவே தனி வயர் கேட்காத 1650-ஐயே வாங்க வேண்டும். அது பலகையிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொள்ளும். 1650-இலும் வயர் கேட்கும் வகை உண்டு, பார்த்து எடுங்கள்.

இரண்டாவது வழி, ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர் போட்ட புது மெஷின். ஏ.எம்.டி. கொம்பனி 2021-இல் விட்டது. அதற்குள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் இருப்பதால் இப்போதைக்குக் கார்ட் வேண்டாம், காசு சேர்ந்த பிறகு போடலாம். இதில் ரேமை 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8, 8 என இரண்டு துண்டாகப் போட வேண்டும். கிராபிக்ஸும் அதே ரேமில்தான் வேலை செய்கிறது. ஒற்றைத் துண்டு போட்டால் ஒரு கையால் கொழுந்து பறிப்பது மாதிரிதான்.

இரண்டு வழியிலும் எஸ்எஸ்டி கட்டாயம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் திறப்பதற்குள் தேநீர் குடித்து முடித்து விடலாம்.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்போமன்ஸ் என்ற பகுதியில் பிராசசர் நம்பர், ரேம் எத்தனை துண்டு, டிஸ்க் எஸ்எஸ்டியா பழையதா, கார்டின் பெயர் என்ன எல்லாம் தெரியும். இது பவர் சப்ளையைக் காட்டாது, அதற்குத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள். பிள்ளை விளையாட நினைக்கும் அதே விளையாட்டைப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மருமகனுக்கு ஓட்டிக் காட்டியது கிரிக்கெட் 07. அது 2006-இல் வந்தது, எந்தத் தகரத்திலும் ஓடும்!

பில் முக்கியம். மருமகனின் பில்லில் "கம்பியூட்டர் 1" என்று மட்டுமே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டபோது, "ஐ7 சொன்னோம், ஐ7 தந்தோம்" என்றார்கள். அதில் பொய்யும் இல்லையே, நாம் என்ன பேச முடியும்? ஆகவே பிராசசர், கார்ட், ரேம், டிஸ்க், பவர் சப்ளை ஐந்தின் நம்பரையும், எதற்கு எத்தனை மாதம் வாரண்டி என்பதையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுதியது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு ஒரு சொல். குச்சவெளியில் உப்புக்காற்று. சில மாதத்திலேயே ஆணிகளில் துரு ஏறியிருந்தது. நமக்கு மலையில் பனியும் ஈரமும், அதைவிட மோசம் விறகடுப்புப் புகை. புகைக்கரி காற்றாடியில் ஒட்டினால் மெஷின் சூடாகி நின்று விடும். அடுப்படிச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். பின்னேரம் இடி கேட்டால் பிளக்கையே பிடுங்கி விடுங்கள். கரண்ட் பில்லையும் பாருங்கள். 200 வாட் மெஷினை நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் மாதம் 24 யூனிட். 60 யூனிட்டுக்குள் இருந்த வீடு அதைத் தாண்டினால் கட்டண வீதமே மாறி விடும். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி, நேரத்தைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

விளையாட்டு எல்லாம் வீண் என்று நாம் இப்போது சொல்வதில்லை. 2023-இல் சீனாவின் ஹாங்சூவில் நடந்த ஆசிய விளையாட்டில் கம்பியூட்டர் விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். அதே மெஷினில் வீடியோ வெட்டலாம், வீட்டுப் படம் வரையலாம். ஆனால் இதற்காகத் தோட்டை அடகு வைப்பதோ வட்டிக்கு வாங்குவதோ வேண்டாம். தவணை என்றால் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

மருமகனின் பெட்டிக்கு இப்போது ஒரு சின்ன எஸ்எஸ்டி மட்டும் போட்டிருக்கிறோம். படிப்புக்கு ஓடுகிறது, பழைய விளையாட்டும் ஓடுகிறது. விடுமுறையில் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வேலை செய்து, அடுத்த மெஷினுக்கு அவனே காசு சேர்க்கிறான். "இனி நம்பர் எழுதாம காசு குடுக்க மாட்டன் மாமா" என்கிறான். அம்மாவிடம் மட்டும் நாம் இன்னும் முழுக் கதையைச் சொல்லவில்லை.

வாங்க நினைத்திருப்பவர்கள் கடைக்காரர் சொல்லும் நம்பர்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, காசு கொடுப்பதற்கு முன் நம்மிடம் காட்டுங்கள். கிழமை நாட்களில் கொழுந்து நிறுத்த பிறகு, பின்னேரம் ஐந்து மணி வரை காரியாலயத்தில் இருப்போம்.