பாதியில் நிற்கும் பழைய கார்: விற்பதற்கு முன் தெளிய வேண்டிய ஐந்து நம்பிக்கைகள்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் ஏராளம். டிங்கரிங், வெல்டிங், லேத்து வேலை தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும் தைரியத்தில், சேந்தமங்கலம் வட்டாரத்தில் அப்பா காலத்து அம்பாசிடரையோ ஹெரால்டையோ பிரித்துப் போட்டுப் புதுப்பிக்க இறங்குவது எளிது. முடிப்பதுதான் கடினம். கைக்காசு தீர்ந்து வேலை நின்றுபோனால் விற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் காதில் விழும் யோசனைகளில் பல தவறானவை. சில, விற்றவரைக் கோர்ட் வரைக்கும் இழுத்துவிடும்.

நம்பிக்கை 1: பெயின்ட் அடித்துவிட்டால் விலை ஏறும்.

உண்மை: பாதி வேலையான வண்டியைப் பார்க்க வருகிறவர் முதலில் குனிந்து தகரத்தைத்தான் பார்ப்பார். அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. தளத்திலும் கதவுக்கு அடியிலும் துரு தின்றிருந்தால் வண்டியின் பலமே குறைந்துவிடும். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அதில் சேசிஸையும் சோதிப்பார்கள். பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்ற சந்தேகம்தான் மிஞ்சும், போட்ட காசும் திரும்பாது. எஞ்சின் சுற்றுகிறதா, இறுகிக் கிடக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு. அதற்காக, பிரேக் வேலை முடியாத வண்டியைக் காரவள்ளி தாண்டிக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் ஏற்றிக் காட்டும் விபரீதம் வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கை 2: பிரித்துப் பிரித்து விற்றால் அதிகப் பணம்.

உண்மை: அம்பாசிடர் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரானது. பிற்கால வண்டிகளின் சாமான்களைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் தேடிப் பிடித்துவிடலாம் என்பதால் அவற்றுக்குப் பெரிய விலை வராது. 1962இல் மார்க் 2 வருவதற்கு முந்தைய கிரில், டாஷ்போர்டு போன்றவை அரிது. வாங்க ஆளும் உண்டு. ஆனால் அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் மிஞ்சும் கூடு எடைக்குத்தான் போகும். கூடு தேறவே தேறாது என்றால் மட்டும் பிரியுங்கள். அப்போதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி ஆர்டிஓவுக்குத் தகவல் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும்.

நம்பிக்கை 3: பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்தால் நம் பொறுப்பு முடிந்தது.

உண்மை: இதுதான் ஐந்திலும் ஆபத்தானது. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது (நவீன் குமார் எதிர் விஜய் குமார்). தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி. இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால், முதலில் ஃபார்ம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். விற்பனைப் பேச்சு அதற்குப் பிறகு.

நம்பிக்கை 4: பதினைந்து வருடம் தாண்டினால் ஸ்கிராப்தான்.

உண்மை: டெல்லி வட்டாரத்துக்கென்று வந்த உத்தரவை நம் ஊருக்கும் பொருத்திப் பேசுவதால் பரவிய பயம் இது. இங்கே சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஓடத் தகுதியான நிலையில் இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். பாதியில் நிற்கும் வண்டியின் பதிவு காலாவதியாகியிருந்தால், புதுப்பிக்க என்னென்ன பாக்கி என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, வாங்குகிறவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்த வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகவும் விடாதீர்கள். லாரியில் ஏற்றி அனுப்புங்கள். நாமக்கல் மாவட்டத்தில் லாரிக்கா பஞ்சம்?

நம்பிக்கை 5: ஐம்பது வருடம் ஆனால் தானாகவே வின்டேஜ், லட்சங்கள் கொட்டும்.

உண்மை: 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. மைலேஜுக்காக வேறு டீசல் எஞ்சினை மாட்டிய வண்டிக்கு இது பெரிய தடை. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வின்டேஜ் பதிவு பெற்ற காரை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். ஆகவே வயது மட்டும் விலை ஆகாது. கழற்றி வைத்த பழைய எஞ்சின் மூலையில் கிடந்தால் அதை எடைக்குப் போடாதீர்கள். வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள்.

என் முடிவு இது. இருக்கிற நிலையிலேயே, முழுசாக விற்பதுதான் நல்லது. கழற்றிய சாமான்களைப் பையில் போட்டு எது எங்கே மாட்டுவது என்று எழுதுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். துருப்பிடித்த இடத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். உள்ளூர்ப் புரோக்கரோடு நிற்காமல், சென்னையின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற ஆர்வலர் வட்டங்களிலும் விசாரியுங்கள். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும், வண்டியை முடித்து ஓட்டக்கூடியவர் கையில் கொடுங்கள். நீங்கள் அதில் போட்ட உழைப்பு அப்படித்தான் வீணாகாமல் இருக்கும்.