கவச வண்டிக் குழுவினரின் தூர மதிப்பீடு: பாறசாலை, நெய்யாற்றின்கரை நிலத்தை முன்வைத்து

டாங்கியில் கன்னர் எனப்படும் குறிபார்த்துச் சுடுபவருக்கு இலக்கின் திசை எளிதில் பிடிபட்டுவிடும். தூரம் அப்படிப் பிடிபடுவதில்லை. குண்டு பறக்கும்போதே புவியீர்ப்பால் கீழிறங்கிக்கொண்டே செல்வதால், தொலைவு தெரிந்தால்தான் பீரங்கிக் குழாயை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவுசெய்ய இயலும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியின் 105 மி.மீ. பீரங்கியை எடுத்துக்கொண்டால், கவசத்தைத் துளைக்கும் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,470 மீட்டர் வேகத்திலும், கவசத்தின்மேல் அப்பிக்கொண்டு வெடிக்கும் ஹெஷ் வகைக் குண்டு ஏறத்தாழ 730 மீட்டர் வேகத்திலும் கிளம்புகின்றன. 1,000 மீட்டரில் நிற்கும் டாங்கியை 1,200 மீட்டர் என்று கணித்து அதன் நடுவைக் குறிவைத்தால், காற்றின் தடையைச் சேர்க்காத கணக்கில், முதல் குண்டு குறிப்புள்ளிக்கு அரை மீட்டருக்குள் உயர்ந்து இலக்கில் பட்டுவிடும். ஹெஷ் குண்டோ சுமார் 1.8 மீட்டர் உயர்ந்து டாங்கிக்கு மேலாகப் பறந்துபோகும். வேகம் குறைந்த குண்டை ஏற்றும்போதுதான் தூரக் கணிப்பில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதைப் புதிய குழுவினர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

லேசர் வருவதற்கு முன்பு விஜயந்தாவில் தூரம் அறிவதற்கென 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி ஒன்று பீரங்கியோடு இணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து சில தோட்டாக்களை அடுத்தடுத்த தூரக் குறிகளில் சுட்டு, எந்தக் குறியில் சுட்டது இலக்கில் படுகிறதோ அந்தக் குறிக்கே பீரங்கியையும் கன்னர் அமைத்துக்கொள்வார். டி-55 டாங்கியில் முறை வேறு. அதன் குறிநோக்கியில் 2.7 மீட்டர் உயரமுள்ள இலக்குக்கென வரைந்த கோடுகள் உண்டு. எதிரி டாங்கி அந்தக் கோடுகளுக்கிடையே எந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறதோ அங்குள்ள எண்ணே தூரம். ஆனால் 2.23 மீட்டர் உயரமே உள்ள டி-72 போன்ற வண்டி 1,000 மீட்டரில் நின்றால், அதே கோடுகள் 1,200 மீட்டருக்குச் சற்று மேலாகக் காட்டும்; வண்டியின் அடிப்பகுதி மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தால் பிழை இன்னும் பெருகும். கருவி பிழையின்றி இயங்கினாலும், பார்ப்பது எந்த வண்டி, அதில் எவ்வளவு பகுதி தெரிகிறது என்று அறியாதவருக்கு அது பொய்யான எண்ணையே தரும்.

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் டாங்கிகள் ஓடுவதில்லை. எனினும் தூரம் கணித்தல் தேசிய மாணவர் படையின் பாடத்திட்டத்திலும் உள்ளதால், இங்குள்ள மாணவர்களுக்கும் இது அந்நியமான பொருளன்று. இதில் பயன்படும் அலகு மில். 1,000 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் அகலம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் 1 மில் ஆகும். பொருளின் அகலத்தை மீட்டரில் எடுத்து 1,000 ஆல் பெருக்கி, அது காட்டும் மில் அளவால் வகுத்தால் தூரம் கிடைக்கும். 60 செ.மீ. தொலைவில் நீட்டிப் பிடித்த 1.8 செ.மீ. அகல விரல் 30 மில்லை மறைக்கிறது. எனினும் கையும் விரலும் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒவ்வொருவரும் தம் அளவைத் தாமே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். பாறசாலை வழியே செல்லும் ரயிலின் பழைய ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர் நீளமுள்ளது. பக்கவாட்டில் தெரியும் அத்தகைய பெட்டி ஒன்றை அந்த விரல் சரியாக மறைத்தால் தூரம் 710 மீட்டர். அதுவே 23.5 மீட்டர் நீளமுள்ள எல்.ஹெச்.பி. பெட்டியாக இருந்தால் விடை 783 மீட்டராகிவிடும். டி-55 குறிநோக்கியில் டி-72-ஐப் பார்க்கும்போது கண்ட பிழையும் இத்தகையதே.

இப்பகுதியின் நிலம் கண்ணைப் பலவாறு ஏமாற்றக்கூடியது. இரண்டு செம்மண் மேடுகளுக்கு இடையே ஏலா எனப்படும் வயற்பரப்பு தாழ்ந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தால், எதிர்மேட்டில் உள்ள வீடு உள்ளதைவிட அருகில் நிற்பதாகத் தோன்றும்; அதே வயல் முழுதும் தெரிந்தால் தள்ளி நிற்பதாகத் தோன்றும். மழை ஓய்ந்து காற்று தெளிந்த வேளையிலும், வெயில் பார்ப்பவரின் முதுகில் அடிக்கும்போதும் பொருள்கள் நெருங்கி வருகின்றன. எதிர்வெயிலிலும், இருபுறமும் தென்னை நெருங்கிய நேர்ப்பாதையிலும் விலகிப்போகின்றன. ஆதலால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என ஒரே பொருளைக் கணித்துப் பார்ப்பதே மிகுந்த பயன் தரும் பயிற்சி.

ரப்பரும் வாழையும் மரச்சீனியும் பார்வையை அடிக்கடி மறிக்கும் இத்தகைய நிலத்தில் தொலைவுக் கருவியின் மேன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நடந்த போர் இதற்குச் சான்று: தூரமானி பொருத்திய பாட்டன் டாங்கிகள் கரும்புத் தோட்டங்களிலும் நீர் ஊறிய நிலத்திலும் சிக்கிக்கொள்ள, கரும்புக்குள் மறைந்திருந்த இந்தியப் படையினர் அவற்றைக் குறுகிய தூரத்தில் வரவிட்டுத் தாக்கினர்.

இன்றைய டாங்கிகளில் லேசர் கருவி, கதிர் இலக்கில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் சொல்கிறது. முன்னால் ஆடும் ஓலையிலோ கிளையிலோ கதிர் பட்டுத் திரும்பினாலும் கருவி ஓர் எண்ணைக் காட்டவே செய்யும். அந்த எண்ணைப் பார்த்தவுடன் தவறு என்று தள்ளுவதற்குக் கமாண்டரின் மனத்தில் முன்கூட்டியே ஒரு கணிப்பு இருக்க வேண்டும். நிச்சயமாக 800-க்கு மேல் இராது, 400-க்குக் குறையாது, எனவே 600 என்று வரம்பு கட்டும் பழைய வழக்கம் அந்தக் கணிப்பை உடனடியாகத் தருகிறது.

களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையின் தூரக் கற்களைக் கொண்டே மாணவர்கள் இதைப் பழகலாம். போக்குவரத்துக்கும் தண்டவாளத்துக்கும் விலகி, பாதுகாப்பான இடத்தில் நின்று, கணித்த எண்ணை முதலில் தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகே அளந்து ஒப்பிடுங்கள்.