தெருவில் வாகனக் கூட்டமும் நீதிமன்றத் தடையுத்தரவும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நம்மில் பலர் அறிவர். முன்னாளில் அதற்குப் பிட் தெரு என்று பெயர். 1801ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலும், சீனர்களின் கருணைத் தேவி ஆலயமும் அங்கே உள்ளன. மகா மாரியம்மன் ஆலயம் அதற்கு மிக அண்மையில் இருக்கிறது. தொழவருவோர், வணிகர், முதியோர், குழந்தைகள் ஆகிய அனைவருக்கும் பொதுவான தெரு அது.

இத்தகைய தெருவில் இரவு வேளையில் இளைஞர்கள் வாகனங்களுடன் திரண்டு பந்தயமும் சாகசமும் நிகழ்த்தினால் என்னவாகும்? வழி அடைபடும், உறக்கம் கெடும், உயிருக்கும் ஆபத்து நேரும். இதனைத் தடுக்க நீதிமன்றம் என்ன செய்ய முடியும் என்பதை அறிந்துகொள்வோம்.

தடையுத்தரவு என்றால் என்ன?

இன்ன செயலைச் செய்யலாகாது என்று நீதிமன்றம் இடும் கட்டளையே தடையுத்தரவு. போக்குவரத்துக் குற்றத்திற்குச் சம்மன் வந்தால், பெரும்பாலும் அபராதத்தைச் செலுத்தியதும் விவகாரம் முடிந்துவிடும். தடையுத்தரவை மீறுவதோ நீதிமன்றத்தையே அவமதிப்பதாகும். ஆகையால் அதற்குச் சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

இங்கிலாந்தில் நடந்தது

வுல்வர்ஹாம்டன் நகரைச் சேர்ந்த வட்டாரத்தில் வாகனக் கூட்டங்களின் தொல்லை பெருகவே, நகராட்சி மன்றங்கள் உயர் நீதிமன்றத்தை நாடின. 2014ஆம் ஆண்டில் முதல் தடையுத்தரவு கிடைத்தது. அது 2021இல் காலாவதியாயிற்று. 2022இல் இடைக்காலத் தடையும், 2024இல் முழுத் தடையும் பிறப்பிக்கப்பட்டன.

பிற்பகல் 3 மணி முதல் காலை 7 மணி வரை இருவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, அவர்களுள் சிலர் பந்தயத்திலோ ஆபத்தான ஓட்டத்திலோ ஈடுபட்டால் அக்கூட்டம் தடைக்கு உட்பட்டது. ஓட்டுநர் மட்டுமல்லர், உடன் அமர்ந்து செல்பவரும், வேடிக்கை பார்ப்பவரும், கூட்டத்திற்கு ஆள் திரட்டுபவரும் தடையை மீறியவராவர். நீதிமன்ற அவமதிப்புக்கு அந்நாட்டில் 2 ஆண்டு வரை சிறை விதிக்கலாம், அபராதமும் விதிக்கலாம், சொத்தைக் கைப்பற்றவும் ஆணையிடலாம்.

நம் நாட்டுச் சட்டம்

1. பொதுமக்களுக்குத் தொல்லை நேர்ந்தால், 1956ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி சட்டத்துறைத் தலைவர் தடையுத்தரவு கோரி வழக்குத் தொடுக்கலாம். அவரது எழுத்துமூலமான சம்மதத்தைப் பெற்று, பொதுமக்களுள் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ அவ்வாறே செய்யலாம்.

2. அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 126ஆம் விதி உயர் நீதிமன்றத்திற்கும் அதற்கு மேற்பட்ட நீதிமன்றங்களுக்கும் அளிக்கிறது.

3. அதிகாரம் பெற்ற அரசு ஊழியர் தடைவிதித்த பின்னரும் பொதுத் தொல்லையைத் தொடர்பவருக்கு, தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

4. தடையுத்தரவே இல்லாவிடினும், ஆபத்தாக வாகனம் ஓட்டுவோர் தப்ப இயலாது. 2020இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, முதல் குற்றத்திற்கே 5 ஆண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது.

பெற்றோர் கவனத்திற்கு

விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தாய் தந்தையர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகின்றனர். பட்டணத்தில் அவன் வேலைக்குச் சென்று வருவதற்கே அது. “நான் ஓட்டவில்லை, நண்பர்களுடன் நின்றுதான் பார்த்தேன்” என்று அவன் கூறும் சமாதானம் எல்லா வேளையிலும் செல்லாது என்பதை இங்கிலாந்துத் தீர்ப்பு காட்டுகிறது. இரவில் அவன் எங்கே செல்கிறான், யாருடன் கூடுகிறான் என்பதைக் கேட்டறிவது பெற்றோர் கடமை. தீர்ப்புக்குப் பின் வருந்துவதைவிட இன்றே எடுத்துரைப்பது நன்று.