கணக்கு இரண்டு, நாள் ஒன்று

உத்தியோகத்திலிருக்கும் நம் சகோதரர் பலரிடம் இன்று இரண்டு மின்னஞ்சல் கணக்குகள் இருக்கின்றன. அலுவலகம் கொடுத்தது ஒன்று. தாமே திறந்துகொண்டது மற்றொன்று. சங்கப் பொறுப்பை ஏற்றவர்களுக்கு மூன்றாவதும் உண்டு. இவற்றில் சிதறிக் கிடக்கும் வேலைகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதை இப்பாடத்தில் கவனிப்போம்.

முதலில் ஒரு வினா. அலுவலகக் கணக்கு யாருடையது? பெயர்தான் நம்முடையது, கணக்கு கம்பெனியினுடையது. அதன் நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றலாம். கணக்கையே நிறுத்தியும் வைக்கலாம். வேலையை விட்டு நீங்கியதும் கதவு அடைபட்டுவிடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத் தேதி, பாஸ்போர்ட்டு புதுப்பிக்கும் குறிப்பு, வீட்டுக் கடன் பத்திரம் ஆகியவற்றை அதில் வைத்திருந்தவர் அன்று என்செய்வார்? சங்கத்தின் சந்தாப் பட்டியல் அதில் இருந்தாலோ நஷ்டம் அவரோடு நில்லாது. செயலாளர் உத்தியோகம் மாறியதற்காக, தன் அங்கத்தினர் யார் யார் என்று சங்கம் வீடு வீடாய் விசாரிக்க வேண்டி வரும். ஏற்கெனவே சொந்தப் பொருள்கள் அதில் சேர்ந்திருந்தால் ராஜினாமாக் கடிதம் கொடுக்குமுன்னரே எடுத்துக்கொள்வது நலம்; மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதியை நிர்வாகி மூடிவைத்திருக்கவும் கூடும்.

மறுபக்கமும் உண்டு. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண் முதலியவற்றைச் சொந்தக் கணக்கில் எழுதிவைப்பது தகாது. மலேசியாவில் 2010-லும் சிங்கப்பூரில் 2012-லும் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் அவற்றைக் காக்கும் கடமையை நிறுவனத்தின் மீது வைக்கின்றன. நம் சௌகரியத்துக்காக முதலாளியைச் சிக்கலில் மாட்டிவிடலாகாது.

ஆகவே, காரியம் யாருடையதோ அவருடைய கணக்கிலேயே அதன் குறிப்பும் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. கடைப் பேரேட்டில் வீட்டு மளிகையைக் கலந்து எழுதாத வியாபாரிகளுக்கு இது புதிதன்று.

ஆனால் கணக்கு இரண்டானாலும் நமக்குள்ள நாள் ஒன்றே. கூகுளின் பணிப்பட்டியல் கணக்குக்குக் கணக்கு தனி. ஒன்றிலுள்ளது மற்றொன்றில் தெரியாது. நாட்காட்டிக்கு வழி உண்டு. சொந்த நாட்காட்டியின் அமைப்புகளில், பகிர்தல் பகுதியில் நம் அலுவலக முகவரியைச் சேர்த்து, ஓய்வா அலுவலா என்பது மட்டும் தெரியும்படியும் விவரம் மறையும்படியும் உள்ள அனுமதியைத் தெரிந்தெடுக்க வேண்டும். தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நேரம் அலுவலகத் திரையில் வெறும் கட்டமாகத் தோன்றும், காரணம் தோன்றாது. இங்கேதான் பலர் ஏமாறுவர். அக்கட்டம் நம் கண்ணுக்கு மட்டுமே. சக ஊழியர் அதைக் காணாமல் அதே நேரத்தில் கூட்டம் வைத்துவிடுவார். ஆதலால் வேலை நேரத்தில் வரும் சொந்தக் காரியத்துக்கு அலுவலக நாட்காட்டியிலும் 'நேரமில்லை' என்று எழுதிவைப்பது அவசியம். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டியதில்லை.

கணினியில் குரோம் உலாவியை உபயோகிப்போர் கணக்குக்கு ஒரு சுயவிவரம் அமைத்து வெவ்வேறு நிறம் கொடுத்துக்கொள்ளலாம், கடவுச்சொற்கள் கலவா. கைத்தொலைபேசியிலோ ஜிமெயில் எல்லாக் கணக்கின் கடிதங்களையும் ஒரே வரிசையில் காட்டும். வாசிக்க அது நன்று, எழுத ஆபத்து. அனுப்புநர் வரியில் எந்த முகவரி நிற்கிறது என்று பாராவிட்டால், மைத்துனருக்கு எழுதிய கல்யாணச் செலவு விவரம் கம்பெனி முகவரியிலிருந்து புறப்பட்டுவிடும்.

சங்கத்துக்குத் தனிக் கணக்கே வேண்டும். அது ஆளின் பெயரில் அன்றிப் பதவியின் பெயரில் இருக்கட்டும். முத்திரையையும் ரசீதுப் புத்தகத்தையும் புதிய செயலாளரிடம் ஒப்படைக்கும்போதே கடவுச்சொல்லையும் ஒப்படைத்து, மீட்புத் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் கடவுச்சொல் மறந்த நாளில் சரிபார்ப்பு எண் பழைய செயலாளரின் கைத்தொலைபேசிக்கே போகும்.